விடிய ஆறு மணி

(கடந்த நவம்பர் மாதம் ஊன்ட்றொப்பில் நடந்த எமது சங்க ஒன்றுகூடலில் பேசியது. வருஷப்பிறப்பு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டபடியால், பேசினபடியே கூடியவரை எழுதியிருக்கிறேன்.)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. 2007 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எழுதினதோடு என்னுடைய படிப்பு முடிஞ்சுது. ஏ9 பாதை பூட்டி, பின்னேரம் ஊரடங்கு போட்டு, மண்ணெண்ணெய் விளக்கில் படிச்ச காலம் அது. இப்ப பிளாஸ்ரிக் மூடி செய்யிற தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யிறன். செயலாளர் அண்ணை என்னட்டை வந்து, "நாளாந்தம் கும்பிடுறதால மனிசனுக்கு என்ன நன்மை எண்டு ஒரு இருபது நிமிசம் கதையும்" எண்டு கேட்டார். "அதுக்குக் குருக்கள்மார் இருக்கினம் அண்ணை" எண்டன். "அவை சொன்னால் சனம் தலையாட்டிப்போட்டு வீட்டை போயிடும். மெசினில நிக்கிற ஒருவர் சொல்லட்டும்" எண்டார். ஆனபடியால் நான் சாத்திரம் சொல்ல வரேல்லை. எனக்கு நடந்ததைத்தான் சொல்லப் போறன். அதில பெருமைப்படுகிறதுக்கு அதிகம் இல்லை.

முதலில் என்னுடைய பொய்யில் இருந்து தொடங்கவேண்டும்.

2010 இல் இந்த நாட்டுக்கு வந்தன். அசூல் கேட்டு ஒரு ஹைமில் இருந்தன். ஒரு அறைக்குள்ள நாலு பேர், நாலு நாட்டுக்காரர். வேலை செய்ய அனுமதி இல்லை. பகல் முழுக்கப் படுக்கிறது, இரவு முழுக்க முழிச்சிருக்கிறது. இங்க இருக்கிற கனபேருக்கு அந்தச் சீவியம் தெரியும், விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒருநாள் ரெலிபோன் காட்டில அம்மாவோட கதைக்கேக்க அவ கேட்டா:

"தம்பி, கும்பிடுறனியோ?"

"ஓம் அம்மா."

"எத்தினை மணிக்கு?"

எனக்கு என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை. "விடிய ஆறு மணிக்கு" எண்டு வாயில வந்ததைச் சொன்னன். அப்ப நேரம் மத்தியானம் பன்னிரண்டு. நான் முகம்கூடக் கழுவாமல் கட்டிலில் கிடந்துதான் கதைச்சுக்கொண்டு இருந்தனான்.

நான் கும்பிடாமல் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. என்னுடைய அண்ணா வன்னியில் இருந்தவர். 2009 சித்திரை மாதத்தோட அவரைப் பற்றின கதை நின்றுபோச்சுது. செத்தார் என்றும் இல்லை, இருக்கிறார் என்றும் இல்லை. அம்மா அந்த நேரம் இருக்காத விரதம் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. அதுக்குப் பிறகும் இப்படி எண்டால் ஆரைக் கும்பிடுறது எண்டு எனக்குக் கோபம். அந்தக் கோபத்தை நான் ஒருவருக்கும் சொல்லேல்லை. கும்பிடுறதை விட்டன், அவ்வளவுதான்.

ஆனால் கோயிலுக்குப் போகாமல் விடேல்லை. இதுதான் விசித்திரம். 2012 இல் ஒரு சிநேகிதன், "வாடா, காமாட்சி அம்மன் தேர், எங்கட ஆக்களைப் பாக்கலாம்" எண்டு இதே ஊன்ட்றொப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். ஏ2 நெடுஞ்சாலையால் இறங்கி, தொழிற்சாலைகளையும் லொறிகளையும் கடந்து வர, திடீரென்று 17 மீற்றர் உயரத்தில் ஒரு கோபுரம் நிக்குது. எனக்குக் கண் கலங்கிப்போச்சுது. கடவுளில கோபமாய் இருந்தவனுக்கு ஏன் கலங்கினது எண்டு கேட்டால் இண்டைக்கும் பதில் இல்லை.

அந்தக் கோபுரத்தின் கதையை நான் பெரியாக்கள் சொல்லித்தான் அறிஞ்சன். சிவஸ்ரீ ஆறுமுகம் பாஸ்கரக்குருக்கள் 1989 இல் ஹம் நகரத்தில் நிலத்துக்குக் கீழ் இருக்கிற அறைக்குள்ள அம்பாளை வைச்சுப் பூசையைத் தொடங்கினவர். பிறகு பழைய சலவைக்கூடம் ஒன்றிலும் நடந்ததாம். 1993 இல் முதல் தரம் அம்பாள் வீதிக்கு வந்தா. சனம் கூடக் கூட, சத்தம், கார் விட இடமில்லை எண்டு அயலில முறைப்பாடு. அதுக்குப் பிறகுதான் ஒருவருக்கும் இடைஞ்சல் இல்லாத இந்தத் தொழிற்பேட்டையில் காணி கிடைச்சு, 2002 ஆம் ஆண்டு யூலை 7 ஆம் திகதி கும்பாபிஷேகம் நடந்தது. இண்டைக்குத் தேருக்கு 15,000, 20,000 சனம் எண்டு பத்திரிகையள் எழுதுது. தீர்த்தத்துக்குக் கடல் இல்லை, குளம் இல்லை. பக்கத்தில ஓடுற கப்பல் வாய்க்காலில்தான் அம்பாள் தீர்த்தமாடுறா.

இதை நான் ஏன் சொல்லுறன் எண்டால், நாங்கள் கண்ணால காணுறது கோபுரத்தை. 1989 க்கும் 2002 க்கும் இடையில 13 வருஷம் இருக்குது. அந்தப் 13 வருஷமும் அங்க தேர் இல்லை, கோபுரம் இல்லை, தொலைக்காட்சிக்காரர் இல்லை. நாள் தவறாமல் விளக்கு மட்டும் எரிஞ்சிருக்குது. அந்தக் காலத்தில அசூல் கேட்டவை தங்களுக்குக் குறிச்ச எல்லையைத் தாண்டிப் போறதெண்டால் கந்தோரில கடதாசி எடுக்கவேணும். கோயிலுக்கு வரவே அனுமதி வேணும். எங்கள் மாதிரி ஆக்கள் வருஷத்தில ஒருநாள் காரில வந்து, வடை சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு போறம். நானும் அப்படித்தான். குற்றமாய்ச் சொல்லேல்லை. ஆனால் அது வேற, நாளாந்தம் கும்பிடுறது வேற.

2012 தேரில் நான் அம்பாளிட்டைக் கேட்டது விசா. வேற ஒன்றும் இல்லை. 2014 இல் விசா கிடைச்சுது. உடனே நீங்கள் "பாருங்கோ, கேட்டார், கிடைச்சுது" எண்டு நினைப்பியள். பொறுங்கோ. அந்த இரண்டு வருஷமும் நான் ஒருநாளும் கும்பிடேல்லை. என்னோடு அதே ஹைமில் இருந்த ஒரு பொடியன், காலை மாலை தவறாமல் திருநீறு பூசி, கட்டிலுக்கு மேல முருகன் படம் ஒட்டி வைச்சிருந்தவன். அவனுக்கு இரண்டு தரமும் மறுத்துப்போட்டாங்கள். கும்பிட்டவனுக்கு இல்லை, கும்பிடாதவனுக்கு விசா. ஆகவே, கும்பிட்டால் காரியம் நடக்கும் எண்டு நான் இந்த மேடையில நிண்டு சொன்னால் அந்தப் பொடியனுக்குச் செய்யிற துரோகம்.

அமெரிக்காவில இதைப் பரிசோதிச்சே பார்த்திருக்கினம். ஹெர்பெற் பென்சன் எண்ட இருதய வைத்தியர், 1975 இல் தியானத்தால உடம்பு இளைப்பாறுறதைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பேரெடுத்தவர். அவரும் மற்ற வைத்தியர்களும் சேர்ந்து இருதய சத்திரசிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகளைப் பிரிச்சு, ஒரு பகுதி ஆக்களுக்காக முன்பின் தெரியாத வேற ஆக்களைக் கொண்டு பிரார்த்திக்க வைச்சினம். 2006 இல் முடிவு வந்தது. பிரார்த்திச்சதால சிக்கல்கள் குறையேல்லை. "உனக்காகப் பிரார்த்திக்கினம்" எண்டு தெரிஞ்ச நோயாளிகளுக்குச் சிக்கல் கொஞ்சம் கூடத்தான் வந்ததாம்! "எனக்குப் பிரார்த்தனை செய்யிற அளவுக்கு நிலைமை மோசமோ" எண்டு பயந்திருப்பினமோ என்னவோ. நான் இதைப் படிச்சுப்போட்டுத் தனிய இருந்து சிரிச்சன். பிறகு யோசிச்சன். கும்பிடுறதில பிரயோசனம் இருக்கெண்டால் அது வேற இடத்திலதான் இருக்கவேணும்.

சரி, கதைக்கு வருவம். விசா கிடைச்சு, வேலை கிடைச்சு, 2015 இல் மனிசி வந்து, அடுத்த வருஷம் மகள் பிறந்தா. வெளியில பார்க்கிற ஆளுக்கு எல்லாம் சரி. ஆனால் எனக்கு மூன்று முறை வேலை. ஒரு கிழமை காலை ஆறிலிருந்து இரண்டு. அடுத்த கிழமை இரண்டிலிருந்து இரவு பத்து. மற்றக் கிழமை பத்திலிருந்து விடிய ஆறு. இங்க இருக்கிற பாதிப்பேர் இதே சில்லுக்குள்ளதான் சுத்துறியள். நித்திரை எப்ப, சாப்பாடு எப்ப, ஞாயிறு எது, வெள்ளி எது எண்டு உடம்புக்குத் தெரியாது. தெரியாத உடம்புக்குக் கோபம்தான் வரும். வேலை முடிஞ்சு இரண்டு பியர், பிறகு நாலு. ஒருநாள் இரவு வேலை முடிஞ்சு வர, மகள் குசினியில சத்தமாய்ப் பாடிக்கொண்டு ஓடித் திரிஞ்சா. நான் கத்தின கத்தில பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால ஒளிச்சிட்டா. சீலைக்குக் கீழ இரண்டு கால் மட்டும் தெரியுது. மூன்று வயது. நான் மன்னிப்புக் கேக்கவும் இல்லை, போய்ப் படுத்திட்டன்.

அந்த வருஷக் கடைசியில, 2019 இல், தங்கச்சி ஊரில் இருந்து கதைச்சாள். சும்மா கதைதான். நடுவில சொன்னாள்: "அண்ணா, அம்மாவை இப்ப கூப்பிட ஏலாது, சாமி அறைக்குள்ள. உங்களோட சேர்ந்து கும்பிடுற நேரமெல்லோ."

"என்ன நேரம்?"

"உங்க விடிய ஆறு மணி. இங்க ஒன்பதரை. குளிர் காலத்தில பத்தரை. அடுப்பில என்ன இருந்தாலும் நூத்துப்போட்டுப் போயிடுவா. ஆர் வந்தாலும் எழும்பமாட்டா. தம்பி அங்க விளக்குக்கு முன்னால நிக்கேக்க நானும் நிக்கவேணும் எண்டுவா."

எட்டு வருஷத்துக்கு மேலாய்! ஒவ்வொரு மார்ச் கடைசியிலும், ஒவ்வொரு ஒக்ரோபர் கடைசியிலும் அம்மா போனில் கேப்பா: "உங்க மணிக்கூடு மாத்திட்டாங்களோ?" நான் நினைச்சன், கதைக்க வேற விசயம் இல்லாமல் கேக்கிறா எண்டு. அவ தன்னுடைய நேரத்தை என்னுடைய பொய்க்கு ஏற்ற மாதிரித் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறா. ஒரு மணித்தியாலம் முன்னுக்கும் பின்னுக்கும், வருஷத்தில இரண்டு தரம். வருஷப்பிறப்புக்குப் புண்ணியகாலம் பார்க்க நாங்கள் இங்க வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று, அதில மூன்றரை மணித்தியாலம் கழிக்கிறது எண்டு மூளையைப் போட்டு உடைக்கிறம். ஆறாம் வகுப்புப் படிச்ச மனிசி ஒரு பிழை இல்லாமல் கணக்குப் பார்த்திருக்கிறா.

அண்டைக்கு இரவு வேலையில எனக்கு வேலை ஓடேல்லை. அம்மாவுக்கு உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அந்த எட்டு வருஷமும் அவவுக்கு என்னவாகும்? இல்லாவிட்டால் பொய்யை உண்மை ஆக்கலாம். அதுதான் சுகம் போல கிடந்தது. சுகம் இல்லை எண்டு பிறகுதான் தெரிஞ்சுது.

விடிய ஆறு மணி எண்டது எனக்கு எப்படிப்பட்ட நேரம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. காலை வேலை எண்டால் மெசினுக்குப் போற நேரம். இரவு வேலை எண்டால் மெசினை விட்டு வாற நேரம். பின்னேர வேலைக் கிழமை மட்டும்தான் வீட்டில. முதலில ஆத்திரமாய் இருந்தது: எத்தினையோ நேரம் இருக்க, உந்த நேரத்தை ஏன் சொன்னன்? பிறகு விளங்கிச்சுது, மூன்று கிழமையிலும் மாறாத நேரம் அது ஒன்றுதான். சாப்பாடு மாறும், நித்திரை மாறும், ஆறு மணிக்கு நான் முழிப்பு அல்லது முழிக்கவேணும். அறியாமல் சொன்ன பொய் சரியான இடத்தில விழுந்திருக்குது.

எங்க நிண்டு கும்பிடுறது? உடுப்பு மாத்துற அறை. இரும்பு அலுமாரிக் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு சின்னக் காமாட்சி அம்மன் படம். சப்பாத்துக் கழட்ட நேரம் இல்லை, குளிப்பு இல்லை, நீல உடுப்பில எண்ணெய் மணம். ஐந்து நிமிசம். நெற்றியில கொஞ்சம் திருநீறு, பிறகு கண்ணை மூடி பஞ்சாட்சரம் இருபத்தேழு தரம். முதல் கிழமை ஒரு ஜேர்மன்காரன், கத்தோலிக்கன், என்னுடைய நெற்றியைப் பார்த்துப்போட்டு, "இண்டைக்குச் சாம்பல் புதனோ?" எண்டு கேட்டான். எங்கட வேதக்கார ஆக்கள் அதை விபூதிப் புதன் எண்டுதான் சொல்லுறவை. அவனுக்கு அவன்ர சாம்பல் தெரியும், எனக்கு என்ர சாம்பல் தெரியும். அதோட விளக்கம் முடிஞ்சுது.

குளிக்காமல், சப்பாத்தோட கும்பிடலாமோ எண்டு இங்க ஒரு அம்மா முகம் சுளிக்கிறா, தெரியுது. நாவலர் பெருமான் சைவ வினாவிடையில நித்திய கருமத்துக்கு விதி சொல்லியிருக்கிறார், நாங்களும் பள்ளிக்கூடத்தில பாடமாக்கினோம். விதியை நான் மறுக்கேல்லை. ஆனால் அறுபத்து மூவரில சாக்கிய நாயனாரை நினைச்சுப் பாருங்கோ. அவரும் காமாட்சியின்ர ஊர், காஞ்சிபுரத்தில இருந்தவர். புத்த துறவியாய் இருந்தவருக்குச் சிவனே மெய்ப்பொருள் எண்டு தெளிஞ்சுது. ஆனால் உடுப்பை மாத்தேல்லை, அதே துவராடையோடதான் இருந்தார். ஒவ்வொரு நாளும் சாப்பிட முதல் சிவலிங்கத்தைக் காணவேணும் எண்டு வைச்சிருந்தார். பூவுக்குப் பதிலாய்க் கல்லை எடுத்து எறிஞ்சார். அன்போட எறிஞ்சார், அதையே நாள் தவறாமல் செய்தார். ஒருநாள் மறந்துபோய்ச் சாப்பாட்டுக்கு முன்னால இருந்திட்டார். உடனே நினைவு வந்து, பசியோட எழும்பி ஓடிப்போய் ஒரு கல் எறிஞ்சார். அண்டைக்குத்தான் சிவன் காட்சி குடுத்தார் எண்டு சேக்கிழார் பெரியபுராணத்தில சொல்லுறார்.

பள்ளிக்கூடத்தில இந்தக் கதையைப் படிக்கேக்க கல்லெறிதான் எங்களுக்குப் பகிடி. இப்ப எனக்குப் பிடிச்சது அந்த ஓட்டம். அவரும் ஒருநாள் மறந்திருக்கிறார். பிழையான உடுப்பு, பிழையான பூ, அதோட மறதியும். இருந்தும் அவர் நாயனார். நான் தொடங்கின முதல் மாதம் பாதி நாள் தவறவிட்டன். சில நாள் நித்திரை. சில நாள் வெட்கம். விட்ட அடுத்த நாள் "இனி என்ன" எண்டு முழுக்க விடச் சொல்லித்தான் மனம் சொல்லும். அந்த நேரம் சாக்கியர்தான் கை குடுத்தார்.

இன்னும் ஒருவர் கை குடுத்தார், அவர் துருக்கிக்காரர், இப்ப பென்சன் எடுத்திட்டார். இடைவேளையில் பெட்டி மட்டையை விரிச்சு, பலகைத் தட்டுகள் அடுக்கின மூலைக்குப் பின்னால தொழுவார். ஒருநாள் கேட்டன், "உனக்கு இதுக்கு எவ்வளவு நேரம் போகும்?" "நீ வெளியில நிண்டு பத்துற சிகரெட் அளவு நேரம்" எண்டார். அதுக்குப் பிறகு நேரம் இல்லை எண்டு நான் ஒருவருக்கும் சொல்லுறதில்லை.

இனி, என்ன கிடைச்சுது எண்டு கேப்பியள். சம்பளம் கூடேல்லை. முதுகு நோ போகேல்லை.

முதலில வந்த மாற்றத்தை நான் காணேல்லை, மனிசிதான் கண்டவ. "நீங்கள் இப்ப கதவைத் திறக்கிற சத்தமே வேற" எண்டா. இரவு வேலைக் கிழமையில ஆறு மணிக்கு அந்த ஐந்து நிமிசம் நிண்டு போட்டு வாறதால, மெசினின்ர சத்தம் தலைக்குள்ள இருந்து இறங்க ஒரு இடம் கிடைச்சுது. முந்தி அந்தச் சத்தத்தை நேராய் வீட்டுக்குள்ள கொண்டுவந்து கொட்டினனான். கோபம் வராமல் விட்டிட்டுது எண்டு பொய் சொல்லமாட்டன். கோபத்துக்கும் வாய்க்கும் இடையில கொஞ்சம் இடைவெளி வந்திருக்குது.

இதுக்கும் ஒரு கணக்கு இருக்குதாம். இத்தாலியில லூசியானோ பெர்னார்டி எண்ட வைத்தியரும் கூட்டாளிகளும் 23 பேரை வைச்சுப் பார்த்து 2001 இல் எழுதினவை. செபமாலை சொல்லேக்கயும் மந்திரம் உச்சரிக்கேக்கயும் மூச்சு தானாகவே நிமிசத்துக்கு ஆறு அளவுக்கு இறங்குதாம், இருதயத் துடிப்பும் அதோட ஒத்துப் போகுதாம். சாதாரணமாய் நாங்கள் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல மூச்சு விடுறம். ஆவே மரியா எண்டாலும் மந்திரம் எண்டாலும் மூச்சுக்கு வித்தியாசம் தெரியேல்லை. ஒவ்வொரு ஆவணியிலும் கெவெலார் மாதாவிட்டை எங்கட வேதக்காரரோட சேர்ந்து சைவக்காரரும் போறதைக் கண்டு பகிடி பண்ணுற ஆக்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

2020 பங்குனியில் கொரோனாவுக்காகக் கோயில், சேர்ச், பள்ளிவாசல் எல்லாத்திலயும் பொதுவழிபாட்டை நிறுத்தவேண்டி வந்ததெல்லோ. அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, நான் தொடங்கி நாலு மாதமான இந்த ஐந்து நிமிசத்தை ஒருவரும் பூட்ட ஏலாது எண்டு. வேலை குறைச்சு எங்களை வீட்டில இருத்தினாங்கள். ஆறு மணிக்கு மகளும் எழும்பி வந்து பக்கத்தில நிண்டா. முந்தித் திரைச்சீலைக்குப் பின்னால நிண்ட பிள்ளை. நான் கூப்பிடேல்லை. இப்ப அவவுக்கு ஒன்பது வயது, கிழமையில இரண்டு நாள் வருவா, மற்ற நாள் நித்திரை. வா எண்டு நான் இழுக்கிறதில்லை. போன மாதம் கேட்டா, "அப்பா, கடவுள் பதில் சொல்லுறவரோ?" "எனக்கு இன்னும் சொல்லேல்லை" எண்டன். "அப்ப ஏன் நிக்கிறீங்கள்?" எண்டா. "அப்பம்மாவும் அங்க நிக்கிறா" எண்டன். அதைக் கேட்டு அவவும் ஒன்றும் சொல்லேல்லை.

கடைசியாய் ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அண்ணாவுக்கு நாங்கள் திவசம் குடுக்கிறதில்லை. குடுத்தால் செத்தார் எண்டு ஒப்புக்கொண்டதாய் ஆகும், அம்மா விடமாட்டா. திகதியும் தெரியாது. 2017 மாசி மாதத்தில இருந்து கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் தாய்மார் வீதியோரம் கொட்டில் போட்டுப் பிள்ளையளின்ர படத்தோட இருக்கத் தொடங்கினதைப் பத்திரிகையில பார்த்திருப்பியள். அம்மாவும் இரண்டு தரம் போய் இருந்தவ. இப்படிப்பட்ட வீட்டில நினைவுக்கு நேரம் இல்லை. நேரம் இல்லாத நினைவு எல்லா நேரமும் வரும். மெசினில வரும், சாப்பிடேக்க வரும், பிள்ளையின்ர பிறந்தநாளில வரும். நான் பியர் குடிச்சதும் கத்தினதும் எதுக்கு எண்டு இப்ப தெரியுது. இப்ப இருபத்தேழு தரம் சொல்லி முடிச்சாப் பிறகு அண்ணாவின்ர பேரை ஒருதரம் சொல்லுவன். கேள்வி ஒன்றும் கேக்கிறதில்லை. பேரை மட்டும் சொல்லுவன். அதுக்குப் பிறகு அலுமாரிக் கதவைப் பூட்டுவன். அவர் மற்ற நேரமும் வராமல் விடுறதில்லை. ஆனால் தனக்கெண்டு ஒரு நேரம் இருக்குது எண்டு அவருக்கும் தெரியும் போல, முந்தின மாதிரி இடிச்சுக்கொண்டு வாறதில்லை.

அம்மாவுக்கு அந்தப் பழைய பொய்யைச் சொன்னனோ எண்டு கேட்டால், சொன்னன். இரண்டு வருஷம் முந்தி ஊருக்குப் போகேக்க, குசினியில வைச்சுச் சொன்னன். அவ மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தவ. நிமிர்ந்து பாக்கேல்லை. "தெரியும்" எண்டா. "ஹைமில படுத்துக் கிடந்து கதைக்கிற குரல் எனக்குத் தெரியாதே?" எண்டா. பிறகு, "நான் நிண்டால் நீ எப்பவோ வருவாய் எண்டு நினைச்சன்" எண்டு சொல்லிப்போட்டுத் தேங்காய் துருவத் தொடங்கிட்டா.

போன மாதக் கடைசியில இங்க மணிக்கூடு மாத்தினது. ஞாயிறு பின்னேரம் நானே எடுத்துச் சொன்னன், "அம்மா, இனிப் பத்தரை." "ஓம், நாள்காட்டியில குறிச்சு வைச்சிருக்கிறன்" எண்டா.

எனக்கு இந்தக் கிழமை இரவு வேலை. இப்ப வெளிக்கிட்டால்தான் பத்து மணிக்கு நிக்கலாம். தேத்தண்ணியும் உளுந்து வடையும் பின்னால இருக்குதாம், செயலாளர் அண்ணை சொல்லச் சொன்னவர்.